சிகாகோவிலிருந்து ஏபிஏ 7க்கு மாற்ற வேண்டும்: 112 அடிக்குறிப்புகள், கையில் 12 நாள்

மாசிவீதி
ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது நான்காம் வருடம். சங்க நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், மேற்கோள்கள் எல்லாம் ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி, அதாவது கட்டுரைக்குள் அடைப்பில் ஆசிரியரும் ஆண்டும், கடைசியில் நூற்பட்டியலும் என்ற முறையில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதியது சிகாகோ முறை, 17ஆம் பதிப்பு, அடிக்குறிப்பு வகை. என் நெறியாளர் வரலாற்றுத் துறைக்காரர். அவரிடம் படிக்கிற எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

மொத்தம் 112 அடிக்குறிப்பு. எல்லாம் வேர்டில் கையால் தட்டியவை. அடிக்குறிப்பிலேயே முழு விவரம் இருக்கிறதே என்று கடைசியில் நூற்பட்டியலும் போடவில்லை.

நேற்று இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றிக் கருவியில் பத்து அடிக்குறிப்புகளை ஒட்டிப் பார்த்தேன். ஊர்ப் பெயரைப் பதிப்பகமாக எடுத்துக்கொண்டது. உ. வே. சாமிநாதையரை ஓரிடத்தில் 'ஐயர்' என்ற குடும்பப் பெயரிலும் இன்னோரிடத்தில் 'சாமிநாத' என்ற பெயரிலும் போட்டது. நாம் தமிழில் 'மேலது' என்று எழுதுவோமே, அந்த 'இபிட்' வந்த இடத்தில் 'இபிட்' என்று ஓர் ஆசிரியரையே உருவாக்கிவிட்டது.

இதைச் செய்து முடித்தவர்கள் யாராவது எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள். 12 நாள் இருக்கிறது.

பிப்டெக் தம்பி
ஞாயிறு, இரவு 10.41

அக்கா, லேடெக் மென்பொருளில் எழுதுகிறவர்கள் நூல் விவரங்களைத் தொகுத்து வைக்கும் பிப்டெக் கோப்பு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இது ஒரு வரி வேலை. பாணியின் பெயரை மட்டும் மாற்றி மறுபடி ஓடவிட்டால் போதும். நான் ஐஇஇஇ முறையில், சதுர அடைப்புக்குள் எண் போட்டு எழுதிய கட்டுரையைப் போன மாதம் ஆசிரியர்-ஆண்டு முறைக்கு மாற்றினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்தது.

மாசிவீதி
ஞாயிறு, இரவு 10.50

இல்லை தம்பி. லேடெக் பக்கமே போனதில்லை. நூல் விவரங்களைச் சேமித்து மேற்கோள் போட்டுத் தரும் ஜோட்டிரோ மென்பொருளை நிறுவி வைத்திருக்கிறேன், அதிலும் ஏழெட்டு நூல்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அடிக்குறிப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது.

ஏட்டுக்கட்டு
திங்கள், காலை 6.15

வணக்கம்மா. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரி நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலையை மாணவர்களோடு உட்கார்ந்து பலமுறை செய்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கட்டுரையை இப்போது தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டுத் தனியாக வையுங்கள். 112 அடிக்குறிப்பையும் ஒவ்வொன்றாக ஏபிஏ உருவத்துக்குத் திருத்தி எழுதுவது என்று இறங்கினால் 12 நாள் போதாது, பிழையும் நிறைய வரும். ஒரே நூல் ஏழு அடிக்குறிப்பில் வந்திருக்கும். ஏழு முறை திருத்துவீர்கள், ஏழும் ஏழு மாதிரி இருக்கும். நீங்கள் மாற்ற வேண்டியது நூல்களைப் பற்றிய தகவலை. அடிக்குறிப்பின் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எத்தனை நூல், எத்தனை கட்டுரை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு போடுங்கள். அந்தக் காலத்தில் அட்டையில் எழுதுவோம், இன்று ஜோட்டிரோவில் போடுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பதிவு சரியாக இருந்தால் ஏபிஏ, எம்எல்ஏ, வான்கூவர் என்று எந்த மேற்கோள் முறையின் சட்டையை வேண்டுமானாலும் மாட்டலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 'இபிட்' எல்லாவற்றையும் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். முதல் அடிக்குறிப்பிலிருந்து வரிசையாக வாருங்கள். 'இபிட்' வரும் ஒவ்வோர் இடத்திலும் அது எந்த நூலைக் குறிக்கிறதோ அந்த ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் எழுதுங்கள். நடுவில் ஓர் அடிக்குறிப்பை நீக்கினாலோ நகர்த்தினாலோ அதற்குக் கீழே இருக்கும் 'மேலது' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. இதனால்தான் சிகாகோ 17ஆம் பதிப்பே 'இபிட்' வேண்டாம், சுருக்க வடிவம் எழுதுங்கள் என்று சொல்கிறது. உங்கள் நெறியாளர் பழைய பழக்கத்தில் விட்டிருப்பார்.

அடுத்தது விடுபட்ட தகவல். அடிக்குறிப்பில் ஆய்விதழ்க் கட்டுரை வந்தால் நீங்கள் எடுத்தாண்ட பக்கத்தை மட்டும் போட்டிருப்பீர்கள். ஏபிஏ பட்டியலுக்கு அந்தக் கட்டுரை எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்தில் முடிகிறது என்பது வேண்டும், தொகுதி எண்ணோடு இதழ் எண்ணும் வேண்டும், டி.ஓ.ஐ. (கட்டுரைக்கு இணையத்தில் கொடுக்கும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதுவும் வேண்டும். எந்த மென்பொருளும் இதை உங்கள் அடிக்குறிப்பிலிருந்து உண்டாக்க முடியாது, ஏனென்றால் அங்கே அது இல்லை. மறுபடி நூலைத் திறக்கத்தான் வேண்டும். புதிய கட்டுரைகளுக்கு, டி.ஓ.ஐ. பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடினால் டி.ஓ.ஐ. கிடைக்கும். அதை ஜோட்டிரோவில் கொடுத்தால் மீதியை அதுவே நிரப்பும். நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தாலும் அப்படியே நிரப்பும், ஆனால் அந்த எண் உலகத் தரமாக வந்தது 1970இல். உங்கள் துறையில் பாதி நூல் அதற்கு முந்தியது. அவற்றை எல்லாம் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால்தான் இட வேண்டும்.

பெயர்களைப் பற்றி மாலையில் எழுதுகிறேன். அது தனிப் பேச்சு.

சிவப்பு மை
திங்கள், பிற்பகல் 1.30

ஐயா சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். நான் பதிப்புத் துறையில் பிரதி திருத்துபவள். இந்த மாற்றத்தில் நூற்பட்டியல் சுலபமான பகுதி. உங்கள் வாக்கியங்கள்தான் கஷ்டப்படுத்தும். ஏன் என்று காட்டுகிறேன்.

உங்கள் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: 'உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.' முற்றுப்புள்ளியில் ஓர் அடிக்குறிப்பு, அதற்குள் அரைப்புள்ளி போட்டு நான்கு நூல். சிகாகோவில் இது அழகாக இருக்கும். ஏபிஏவில் அந்த நான்கையும் கடைசியில் ஒரே அடைப்புக்குள் அடுக்கினால், ஆண்டு வாக்கியத்திலும் வரும், அடைப்புக்குள்ளும் வரும், எது எதற்குச் சான்று என்று தேட வேண்டியிருக்கும். அதனால் வாக்கியத்தையே கொஞ்சம் திருப்ப வேண்டும். நூலின் பெயரைச் சொல்லி, பக்கத்திலேயே ஆண்டை அடைப்புக்குள் போட்டு, 'சீவக சிந்தாமணி (1887)' என்று கொண்டுபோனால் ஆண்டே மேற்கோளாகிவிடும்.

இரண்டாவது, பேசுகிற அடிக்குறிப்புகள். 'இன்னார் இதை மறுக்கிறார், ஆனால் அவர் பார்த்த பிரதி வேறு' என்று நான்கு வரி போகுமே, அவை. 112ஐயும் அச்செடுத்து மூன்றாகப் பிரியுங்கள். வெறும் சான்று மட்டும் உள்ளவை ஒரு கட்டு, சான்றும் பேச்சும் கலந்தவை ஒரு கட்டு, பேச்சு மட்டும் உள்ளவை ஒரு கட்டு. முதல் கட்டு முழுக்கக் கட்டுரைக்குள் அடைப்பாக மாறிவிடும். மூன்றாவது கட்டில் உண்மையிலேயே தேவையானவை அடிக்குறிப்பாகவே இருக்கலாம், ஏபிஏ அதைத் தடுக்கவில்லை, அளவாக இருக்கட்டும் என்கிறது. நடுக்கட்டில்தான் உங்கள் நேரம் போகும். ஒவ்வொன்றிலும் அந்தப் பேச்சு வாதத்துக்குத் தேவையா என்று கேட்க வேண்டும். தேவை என்றால் மேலே பத்திக்குள் ஏற்றுங்கள், இல்லை என்றால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்துவிடுங்கள்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. பக்க எண்ணைச் சும்மா போடுகிறேன். சிகாகோ அடிக்குறிப்பு:

கமில் சுவலபில், தி ஸ்மைல் ஆஃப் முருகன் (லைடன்: பிரில், 1973), 45.

இதே ஏபிஏ பட்டியலில்:

சுவலபில், க. (1973). தி ஸ்மைல் ஆஃப் முருகன்: ஆன் தமிழ் லிட்டரேச்சர் ஆஃப் சவுத் இந்தியா. பிரில்.

கட்டுரைக்குள்: (சுவலபில், 1973, ப. 45).

என்ன நடந்தது பாருங்கள். பெயர் திரும்பியது, கமில் 'க.' ஆனார். ஆண்டு முன்னால் ஓடி வந்தது. லைடன் போய்விட்டது, ஏழாம் பதிப்பு பதிப்பிடத்தைக் கேட்பதில்லை. அடிக்குறிப்பில் விட்டிருந்த துணைத்தலைப்பு பட்டியலில் வர வேண்டும். பக்க எண்ணுக்கு முன் 'ப.' வந்தது. தமிழ் எழுத்தில் எழுதுவதால் இங்கே காட்ட முடியாத ஒன்றும் உண்டு. ஏபிஏ பட்டியலில் நூல் தலைப்பின் முதல் சொல்லும், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல்லும், சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். 'ஸ்மைல்' சின்ன எழுத்துக்குப் போகும். முருகன் போகக் கூடாது, தமிழ் போகக் கூடாது, சவுத் இந்தியா போகக் கூடாது. வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே பொத்தானில் சின்ன எழுத்தாக்கினால் முருகனும் சேர்ந்து சின்னதாகிவிடுவார். நான் திருத்துகிற பத்துக் கட்டுரையில் எட்டில் இது இருக்கும்.

பிப்டெக் தம்பி
திங்கள், பிற்பகல் 2.05

இது பிப்டெக்கிலும் உண்டு அக்கா. சில பாணிகள் தலைப்பைத் தானாகவே சின்ன எழுத்தாக்கிவிடும். காப்பாற்ற வேண்டிய சொல்லை வளைவு அடைப்புக்குள் வைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்தது என்று சொன்னேனே, அந்தக் கட்டுரையில் எல்லாம் ஐஇஇஇ தளத்திலிருந்து இறக்கிய பதிவுகள், எல்லாம் புதிய கட்டுரைகள். உங்கள் வேலை வேறு என்று இப்போது புரிகிறது.

சிவப்பு மை
திங்கள், பிற்பகல் 2.20

ஜோட்டிரோவில் தலைப்பைச் சின்ன எழுத்து முறையிலேயே பதிந்து வையுங்கள். சிகாகோவும் எம்எல்ஏவும் கேட்கிறபோது அதுவே சொற்களைப் பெரிய எழுத்தாக்கிக் கொடுக்கும். எதிர்த் திசையில் முடியாது, ஏனென்றால் எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது. இதே காரணத்துக்காக ஆசிரியரின் முழுப் பெயரையும் பதியுங்கள், 'க.' என்று போடாதீர்கள். நாளைக்கு இதை நூலாக்கும்போது மறுபடி சிகாகோ கேட்டால் 'க.' என்பது யார் என்று தேடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஏட்டுக்கட்டு
திங்கள், மாலை 6.40

பெயர்களுக்கு வருகிறேன்.

மேற்கத்திய பாணிகள் எல்லாம் ஒருவருக்குக் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும், அது கடைசியில் வரும் என்று எண்ணிக்கொண்டு செய்தவை. நமக்கு முன்னால் ஊர், அப்புறம் தகப்பன், அப்புறம் தன் பெயர். எஸ். ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத் துறையில் உலகம் முழுக்க 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று எழுதுகிறார்கள். 'எஸ்' என்பது சீர்காழி, 'ஆர்' அவர் தகப்பனார் ராமாமிருதம். ரங்கநாதன் அவருடைய சொந்தப் பெயர். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சொந்தப் பெயர் நிற்கிறது, அதுதான் சரி. ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளப் பெயர்களுக்குத் தனி விதி இருக்கிறது. குடும்பப் பெயரோ சாதிப் பெயரோ இல்லாவிட்டால் சொந்தப் பெயரின் கீழ் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆக, முன்னெழுத்து வைத்து எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. சொந்தப் பெயரைக் 'கடைசிப் பெயர்' கட்டத்திலும் முன்னெழுத்துகளை 'முதற்பெயர்' கட்டத்திலும் போடுங்கள். ஒரே பெயரில் எழுதுகிறவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஜோட்டிரோவில் இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

உ. வே. சாமிநாதையருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே வையுங்கள்.

பனங்கூடல்
செவ்வாய், காலை 8.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி, ஐயா கடைசியில் ஒரு வரியில் சொன்ன விஷயத்தில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டுப்பட்டேன். என்னுடைய கட்டுரையில் சி. வை. தாமோதரம்பிள்ளை வருகிறார், 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். தமிழில் அவர் எப்போதும் சி. வை. தான். ஆங்கில நூல்களில் வேறு முன்னெழுத்தோடு வருவார். பெயரும் சில இடத்தில் 'த'வுக்குரிய எழுத்திலும் சில இடத்தில் 'ட'வுக்குரிய எழுத்திலும் தொடங்கும். தமிழ் லெக்சிகன் முறையில் எழுத்துப்பெயர்த்த நூல்களில் இன்னொரு கூட்டல். நான் எடுத்த இடத்தில் இருந்தபடியே போட்டுக்கொண்டு போனேன். அடிக்குறிப்பில் அது உறுத்தவேயில்லை, ஏனென்றால் ஒவ்வோர் அடிக்குறிப்பும் தனித்தனியே நிற்கிறது. ஆசிரியர்-ஆண்டு முறைக்கு மாற்றி அகரவரிசைப் பட்டியல் போட்டதும் ஒரே மனிதர் மூன்று இடத்தில் மூன்று பேராக நின்றார். மதிப்பீட்டாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

உங்களுக்கும் 'எஸ்' எழுத்தில் ஒருவர், 'சி' எழுத்தில் ஒருவர், 'ஐ' எழுத்தில் ஒருவர் என்று மூன்று சாமிநாதையர் இருப்பார்கள். பாருங்கோ.

ஆண்டு விஷயமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்பில் பல இடத்தில் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். ஜய வருடம் என்றால் 1894-95, 1954-55, 2014-15. எந்தச் சுற்று என்பது நூலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் தமிழ் வருடம் சித்திரையில் பிறந்து இரண்டு ஆங்கில வருடத்தில் விழுகிறது. தை மாசியில் வந்த நூல் என்றால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த வருடமாகிவிடும். அடிக்குறிப்பில் ஆண்டு ஒரு மூலையில் கிடக்கும். ஏபிஏவில் ஆண்டுதான் நூலின் அடையாளமே. அதனால் முகவுரையின் கீழே மாதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிற்கால நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31ஐக் கழித்தால் சரி.

தலைப்புப் பக்கம் பார்க்க நேரில் போக முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளத்திலும் தேடிப் பாருங்கள். பக்கத்தையே படமாகப் பார்க்கலாம்.

மாசிவீதி
புதன், இரவு 11.30

அனைவருக்கும் நன்றி. மூன்று நாளில் செய்தது இவ்வளவு.

'இபிட்' மொத்தம் 29 இருந்தன. இரண்டு தவறான நூலைச் சுட்டிக்கொண்டிருந்தன. போன வருடம் நெறியாளர் சொல்லி ஒரு பத்தியை மேலே நகர்த்தினேன், அதோடு போன அடிக்குறிப்புகளின் வேலை அது. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர் படித்தும் யார் கண்ணிலும் படவில்லை. ஐயா சொல்லாவிட்டால் நானும் அப்படியே மாற்றியிருப்பேன், அச்சிலும் வந்திருக்கும்.

112 அடிக்குறிப்பும் சேர்ந்து 61 நூல், கட்டுரை என்று முடிந்தது. 44 ஜோட்டிரோவில் ஏறிவிட்டன. சாமிநாதையர் என்னிடம் நான்கு பேராக இருந்தார். இப்போது ஒருவர்.

மூன்று கேள்வி. ஆவணக் காப்பகத்தில் பார்த்த அரசாணைகள் ஒன்பது இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது? புறநானூற்றுப் பாடல்களுக்குப் பக்க எண் போடுவதா, பாடல் எண் போடுவதா? ஓர் ஆய்வாளர் இன்னொருவரிடமிருந்து எடுத்துக் காட்டியதை நான் எடுத்திருக்கும் இடங்கள் நான்கு. அவை?

சிவப்பு மை
வியாழன், காலை 9.15

அரசாணைகள்: சிகாகோவில் காப்பக ஆவணத்தை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டாலே போதும், நூற்பட்டியலில் காப்பகத்தின் பெயரோ தொகுப்பின் பெயரோ மட்டும் வரும். ஏபிஏவில் எடுத்தாண்ட ஒவ்வோர் ஆவணத்துக்கும் பட்டியலில் தனிப் பதிவு வேண்டும். வெளியிட்ட துறை, தேதி, ஆணையின் எண்ணும் பொருளும், அது இருக்கும் தொகுப்பு, காப்பகத்தின் பெயர், ஊர். எழும்பூர் காப்பகத்தில் எடுத்த குறிப்பேடு கையில் இருக்கிறது என்று நம்புகிறேன். தேதியை மாதம், நாளோடு போடுங்கள். ஒரே துறை, ஒரே ஆண்டில் இரண்டு ஆணை இருந்தால் ஆண்டுக்குப் பின்னால் 'அ', 'ஆ' மாதிரி ஆங்கிலச் சிற்றெழுத்து சேர்க்க வேண்டும், கட்டுரைக்குள்ளும் அதே எழுத்து வர வேண்டும்.

புறநானூறு: பாடல் எண். செவ்வியல் நூல்களுக்கு எந்தப் பதிப்பிலும் மாறாத எண் இருந்தால் பக்கத்துக்குப் பதில் அதைப் போடச் சொல்கிறது ஏபிஏ. 'யாதும் ஊரே' 192ஆம் பாட்டு என்பது எந்தப் பதிப்பை எடுத்தாலும் 192தான். ஆனால் நீங்கள் பேசுவது பதிப்பு வரலாறு. அதனால் பாடலைச் சொல்லும்போது பாடல் எண்ணும், பதிப்பாசிரியரின் முகவுரையையும் குறிப்பையும் சொல்லும்போது பக்க எண்ணும் போடுங்கள். இரண்டையும் கலந்துவிட வேண்டாம். மறுபதிப்பைப் படித்திருந்தால் இரண்டு ஆண்டும் வரும். ஏ. கே. ராமானுஜனின் அகப்பாடல் மொழிபெயர்ப்பு 1967இல் வந்தது, 2014இல் மறுபதிப்பு வந்தது. மறுபதிப்பைப் பார்த்தவர் கட்டுரைக்குள் 'ராமானுஜன், 1967/2014' என்று எழுத வேண்டும்.

ஒருவர் வழியாக எடுத்தவை: நீங்கள் கையில் வைத்துப் படித்த நூல் எதுவோ அது மட்டும் பட்டியலில் வர வேண்டும். மூல ஆசிரியரைக் கட்டுரைக்குள் சொல்லி, 'இன்னாரின் நூலில் காட்டியபடி' என்று அடைப்புக்குள் எழுதுங்கள். நான்குதான் என்றால் மூல நூலையே தேடிப் பார்த்துவிடுங்கள். இதில் நான் கறார்தான். படிக்காத நூலைப் படித்ததுபோல் பட்டியலில் வைப்பது தவறு.

கொள்ளிடம்
வியாழன், பிற்பகல் 12.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதற்கு ஏன் இவ்வளவு பாடு? 112 அடிக்குறிப்பையும் ஒரு செயற்கை அறிவு உரையாடியிடம் கொடுத்து ஏபிஏ 7இல் தா என்றால் இரண்டு நிமிடத்தில் தருகிறது. நான் என் ஆய்வேட்டின் ஓர் இயலுக்கு அப்படித்தான் செய்தேன்.

சிவப்பு மை
வியாழன், பிற்பகல் 1.10

செய்த பிறகு டி.ஓ.ஐ. ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தீர்களா?

கொள்ளிடம்
வியாழன், இரவு 9.35

மதியத்திலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். 38 பதிவில் 14க்கு டி.ஓ.ஐ. இருந்தது. 5 திறக்கவேயில்லை. 2 திறந்தது, ஆனால் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை. நான் கொடுத்த அடிக்குறிப்பில் டி.ஓ.ஐ.யே கிடையாது, ஏபிஏவுக்கு வேண்டும் என்பதால் அது தானாகவே எழுதிக்கொண்டிருக்கிறது. பக்க எண்களும் அப்படித்தான் இருக்கும் என்று பயமாக இருக்கிறது. இயலை நெறியாளரிடம் கொடுத்துவிட்டேன், நாளை திரும்ப வாங்க வேண்டும். கேட்டதற்கு நன்றி.

ஏட்டுக்கட்டு
வெள்ளி, காலை 6.05

தம்பி, நேரமிருக்கும்போது தெரிந்ததே நல்லது. கவலைப்படாமல் 38ஐயும் நூலகப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள், இரண்டு நாள் வேலை. எங்காவது நின்றால் இங்கே கேளுங்கள், நான் தேடித் தருகிறேன்.

நல்லூர்ப் பேத்தி
வெள்ளி, காலை 11.20

பெயர் விஷயத்தில் நான் ஒன்று கேட்க வேண்டும். நான் ஆங்கிலக் கட்டுரைகளில் என் பெயரை முதலிலும் அப்பா பெயரை அடுத்தும் முழுதாக எழுதுகிறேன், முன்னெழுத்து வைப்பதில்லை. ஏபிஏவில் என்னை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பா பெயரைப் போட்டு ஆண்டைப் போடுகிறார்கள். படிக்கும்போது யாரையோ சொல்வது போல இருக்கிறது. எம்எல்ஏ, சிகாகோவில் முதல் முறையாவது முழுப்பெயர் வரும். ஏபிஏவில் என் பெயர் ஓரெழுத்தாகிவிடுகிறது. இதற்கு என்ன வழி?

ஏட்டுக்கட்டு
வெள்ளி, பிற்பகல் 12.30

நியாயமான வருத்தம் அம்மா. முன்னெழுத்து வைத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன், உங்கள் மாதிரி எழுதுகிறவர்களை நினைக்கவில்லை. இதில் பட்டியலாக்குகிறவரைவிட எழுதுகிறவர் கையில்தான் அதிகம் இருக்கிறது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைத்து உங்கள் பெயரைக் கடைசியில் எழுதினால் எல்லா மென்பொருளும் உங்களை உங்கள் பெயரிலேயே குறிக்கும். ஏற்கெனவே கட்டுரைகள் வந்துவிட்டதால் மாற்றினால் இரண்டு ஆளாகத் தெரிவீர்கள், அதற்கு ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் ஒன்று வாங்கி இரண்டு பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். பிறரை மேற்கோள் காட்டும்போது, அவர் தன் கட்டுரைகளில் தன்னையே எப்படிக் குறித்திருக்கிறார் என்று பார்த்து அப்படியே போடுவதுதான் மரியாதை. நாமாக எது சொந்தப் பெயர் என்று ஊகிக்கக் கூடாது.

மாசிவீதி
புதன், இரவு 8.45

அனுப்ப நாளை மறுநாள் கடைசி. இன்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையைச் செய்தேன். கட்டுரையை அச்செடுத்து ஒரு பக்கம், பட்டியலை அச்செடுத்து இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டேன். அம்மா கட்டுரையில் வரும் பெயரையும் ஆண்டையும் வாசிக்க வாசிக்க நான் பட்டியலில் பென்சிலால் குறியிட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனாலேயே ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள், நான் கண்ணால் ஓட்டியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். பட்டியலில் குறி விழாத பதிவு மூன்று. பேசுகிற அடிக்குறிப்புகளை வெட்டியபோது அவற்றோடு போன நூல்கள். ஏபிஏவில் எடுத்தாளாத நூல் பட்டியலில் இருக்கக் கூடாது என்பதால் எடுத்துவிட்டேன். எதிர்ப்பக்கம், கட்டுரையில் இருந்து பட்டியலில் இல்லாதது ஒன்று. ஒரு நேர்காணல், அதற்குப் பட்டியலில் இடமில்லை என்று சிவப்பு மை அக்கா தனிச்செய்தியில் சொல்லியிருந்தார், கட்டுரைக்குள் தேதியோடு சொன்னால் போதுமாம்.

மூல நூலைத் தேடச் சொன்ன நான்கில் மூன்று கிடைத்தது. அதில் ஒன்றில் நான் எடுத்திருந்த மேற்கோளில் ஒரு சொல் மூலத்தில் வேறாக இருந்தது. இடையில் எடுத்தாண்டவர் மாற்றிவிட்டிருக்கிறார், அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அவரையே பின்பற்றியிருக்கிறோம். அந்தச் சொல்லை நம்பித்தான் என் ஏழாம் பக்கத்தில் ஒரு வாதம் நின்றது. அந்தப் பத்தியை நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இப்போது முன்பைவிடச் சின்னதாக இருக்கிறது, ஆனால் மூலத்தில் இருப்பது இருக்கிறது.

பேசுகிற அடிக்குறிப்பு 31 இருந்தது. 6 அடிக்குறிப்பாகவே நிற்கிறது. 14ஐ மேலே ஏற்றினேன். 11 போய்விட்டது, அவற்றைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. 1930களில் வந்த ஒரு தமிழ் ஆய்விதழ்க் கட்டுரைக்கு முடியும் பக்கம் தெரியவில்லை. என்னிடம் இருப்பது முதல் நான்கு பக்கத்தின் நகல் மட்டும். மின்னூலகத்தில் அந்த இதழ் இல்லை. ஐயா, சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்குமா?

ஏட்டுக்கட்டு
புதன், இரவு 9.10

இருக்க வாய்ப்பு உண்டு. இதழின் பெயர், தொகுதி, மாதம் மூன்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நாளைக் காலை எப்படியும் தரமணி பக்கம் போகிறேன், நூலகம் திறந்ததும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் பக்க எண்ணைச் சொல்கிறேன். முடிந்தால் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மாசிவீதி
வியாழன், பிற்பகல் 2.25

படம் வந்தது ஐயா. கட்டுரை 11 பக்கம். என்னிடம் இல்லாத மீதி ஏழு பக்கத்தையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன்.